காகிதத்தில் விட்டுப்போன ஒரு வரி

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. பழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுத மனம் வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன். உன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்று நீ அனுப்பிய ஆறு பக்கத்தையும் ஸ்டென்சிலில் அடித்து முடித்தாகிவிட்டது. மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து இதனுடனேயே அனுப்பியிருக்கிறேன். மையைப் போட்டு உருளையை ஓட்ட வேண்டியதுதான், எத்தனை பிரதி வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் மெஷினில் அடிக்காமல் பேனாவால் எழுதுகிறேன். அடிக்கும்போது நான் எதையும் யோசிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். இது யோசித்து எழுத வேண்டிய கடிதம்.

செஞ்சியில் இந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைத் திறந்த நாளிலிருந்து சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: பொருளைப் படிக்காதே, எழுத்தைப் படி. அர்த்தம் பார்க்க ஆரம்பித்தால் கண் முன்னால் ஓடும், விரல் பின்தங்கும், தப்பு வரும். உனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் எந்த அளவுக்கு அப்படி இருந்தேன் என்பதற்கு நீயே சாட்சி. நம் இன்ஸ்டிடியூட்டில் விடியற்காலை ஆறு மணிக்கே படபடவென்று சத்தம் போடுகிறார்கள், தூங்க முடியவில்லை, மூட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பஞ்சாயத்துக்கு எழுதிய புகாரை, அவர் யார் மூலமாகவோ கொடுத்தனுப்ப, நானே வரி பிசகாமல் இரண்டு கார்பனோடு அடித்துக் கொடுத்தேனே! பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. "நைனா, ஒனக்கு எதிரா நீயே அடிச்சிக் குடுத்திருக்கிற, அதுவும் ஒரு தப்பு இல்லாம" என்று ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த தைரியத்தில்தான் இந்த ஆறு பக்கத்தையும் எனக்கு அனுப்பியிருக்கிறாய் என்று இப்போது புரிகிறது. இவர் எங்கே படிக்கப் போகிறார் என்று நினைத்துவிட்டாய்.

நான்காம் பக்கம் வரைக்கும் உன் கணக்கு சரிதான். காலை பேட்ச் வருவதற்கு முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தேன். ராஜகிரிக் கோட்டை உச்சியில் வெயில் ஏறியிருந்தது. மூன்று பக்கமும் வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் போய்விட்டன. நான்காம் பக்கத்தின் நடுவில் இங்கிலீஷில் 'செஞ்சி' என்று வந்தது. நம் ஊர்ப் பெயர் அங்கே எதற்கு என்று கை நின்றது. நின்ற இடத்தில் ஒரு எழுத்து தவறாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஸ்டென்சிலில் நான் விட்ட தப்புகளை ஒரு கை விரலால் எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று. தப்பை மூடுகிற சிவப்புத் திரவத்தைத் தடவிக் காய வைத்துவிட்டு, காய்கிற நேரத்தில் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அடிக்கக் கொடுத்த காகிதத்தின் பொருளைப் படித்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை எல்லாவற்றையும் படித்தேன். பேட்ச் வந்தது, போனது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

போன வருஷம் மெட்ராஸில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாயே. ஊர் வாரியாக முகவரிகளை எடுத்து அச்சடிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாய். வெளியூரிலிருந்து அதை வாங்க இரண்டு பேர் வந்தார்கள். கம்ப்யூட்டரே தெரியாத ஒரு டைப்பிஸ்ட்கூட இதை ஓட்டிவிடலாம் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதற்கு எங்கள் நைனாவைவிட யார் என்று உன் மேனேஜரிடம் சொல்லி என்னை வரவழைத்தாய். பஸ்ஸில் வரும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த ஏசி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி உள்ளே போனேன். கால் விரல்கள் சில்லிட்டுப் போயின. திரையில் பச்சை எழுத்து. ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாய். முதல் வரியில் ஊர் என்ற பெயருக்கு செஞ்சி என்று வைக்க வேண்டும். இரண்டாவது வரியில் அப்படி வைத்தது சரியா என்று மெஷினையே கேட்க வேண்டும், அது செஞ்சி என்று காட்டும். மூன்றாவது வரியில் புரோகிராமைக் கிளப்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஐந்து தடவை அடித்துப் பார்த்தேன், ஐந்து தடவையும் செஞ்சி முகவரிகள் வரிசையாக வந்தன. "நைனா, நீ ஒண்ணும் பயப்படாத. இதுல இன்னா இருக்குது, மூணே வரிதான்" என்றாய்.

மறுநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. மெஷினை மறுபடியும் கிளப்பினார்கள். வந்தவர்கள் இரண்டு பேரும், உன் மேனேஜரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அதே மூன்று வரியை அடித்தேன். இரண்டாவது வரிக்கு செஞ்சி என்று அழகாகக் காட்டியது. மூன்றாவது வரிக்கு, ஊர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக ஒரு தலைப்பு வந்து, அதற்குக் கீழே ஒன்றுமே வரவில்லை. இன்னொரு தடவை அடித்தேன், அதே காலி. "ஊர் இருக்குதே, இப்பதானே காட்டுச்சு" என்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் வெளுத்திருந்தது. அப்புறம் ஒரு நொடியில் சரியாகிவிட்டது. "தள்ளு நைனா" என்று என் தோளுக்கு மேலே கையை நீட்டி நீயே அடித்தாய். முகவரிகள் மளமளவென்று வந்தன. மேனேஜர் கேட்டார், என்ன ஆச்சு என்று. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "ஒண்ணுமில்ல சார், நைனா ஒரு ஸ்பேஸ் சேத்து வுட்டுட்டாரு." அவர் என் முதுகில் தட்டி, "பரவால்ல சார், வயசாயிடுச்சில்ல" என்றார்.

நான் நம்பினேன் மகனே. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நீ சொன்னதை நான் நம்பினேன். ஊருக்கு வந்து திண்டிவனத்தில் கண் டாக்டரைப் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறது என்றார், அதை நம்பவில்லை, உன்னைத்தான் நம்பினேன். விரல் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஹயர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வேகமாக அடித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். உதவிக்கு இருக்கிற வாத்தியாரை விட்டே காட்டச் சொன்னேன். உன் அம்மா கேட்டாள், "இன்னா, இப்பல்லாம் மெஷின் பக்கமே போறதில்ல?" என்று. முதுகு வலி என்றேன். ஆறு மாதம் என் கையை நானே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடந்தேன்.

இத்தனைக்கும் மேலே, போன அமாவாசைக்குப் பெண் வீட்டார் மேல்மலையனூர் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராக நம் வீட்டுக்கு நிச்சயம் பண்ண வந்தார்கள். அந்த மேனேஜர் இன்றைக்குப் பெண்ணின் அப்பா, என் சம்பந்தி. நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். தட்டு மாற்றி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது, கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதி டைப் அடித்து அச்சாபீஸுக்குக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் அடிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, "ஐயையோ, சம்பந்தி வேணாம்பா, பொண்ணு பேருக்கும் மாப்பிள்ள பேருக்கும் நடுவுல ஸ்பேஸ் வுட்டுடப் போறாரு!" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எதிர் வரிசையில் நீ இருந்தாய். நீயும் சிரித்தாய்.

இப்போது உன் நோட்ஸில் இருப்பதை உனக்கே சொல்கிறேன். எனக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். நாம் அடிப்பதை வாங்கி வேலை செய்கிற பகுதிக்கு ஷெல் என்று பெயர். அதனிடம் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பை வைத்தால், அது ஷெல் வேரியபிள். அந்த ஷெல்லுக்கு மட்டும் தெரியும், கேட்டால் சொல்லும். ஆனால் ஷெல் இன்னொரு புரோகிராமைக் கிளப்பி அனுப்பும்போது, அதன் கையில் இது போகாது. போக வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று தனியாக ஒரு வரி சொல்ல வேண்டும். சொன்னால் அது என்விரான்மென்ட் வேரியபிள் ஆகிறது, கிளம்புகிற புரோகிராமுக்கெல்லாம் ஒவ்வொரு பிரதி கொடுத்தனுப்பப்படும். பரீட்சை நடக்கிற சென்டருக்கு நம் மெஷின்களை வேனில் ஏற்றி அனுப்புகிறோமே, எந்த மெஷின் யாருக்கு என்பது என் சட்டைப்பையில் உள்ள சீட்டில் இருந்து என்ன பயன்? டிரைவர் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால்தானே அங்கே இறக்குகிறவனுக்குத் தெரியும்? அவ்வளவுதான் விஷயம். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்கே புரிகிறது.

அன்றைக்கு என் காகிதத்தில் அந்த எக்ஸ்போர்ட் வரி இல்லை. முந்தின நாள் காலையில் நீயே அதை ஒரு தடவை அடித்து வைத்திருந்ததால் சாயங்காலம் ஐந்து தடவையும் வேலை செய்தது. கரண்ட் போய் வந்ததும் எல்லாம் அழிந்து, ஷெல் புதிதாகத் தொடங்கியது. இது என் ஊகம் இல்லை, நான்காம் பக்கத்தில் உன் கையெழுத்தில் இருக்கிறது: முந்தின நாள் சொன்ன எக்ஸ்போர்ட் கரண்ட் போனதில் அழிந்தது, ஊர் செஞ்சி என்று வைத்தும், மறுபடி எக்ஸ்போர்ட் சொல்லாததால் புரோகிராமுக்கு ஊர் தெரியவில்லை, 'தவறு ஒரு ஆபரேட்டர் மேல் விழுந்தது', ஆகவே மறக்காமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூன்றாம் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் போடுகிற சமக்குறி பக்கத்தில் ஸ்பேஸ் விட்டால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஷெல் அந்த வரியிலேயே கத்திவிடும் என்று. அன்றைக்கு அது கத்தவில்லை. அழகாக செஞ்சி என்று காட்டியது. இன்னொன்று சொல்லட்டுமா? நீ என் தோளுக்கு மேலே கையை நீட்டி அடித்தபோது, ஒவ்வொரு வரி முடிவிலும் தட்டுகிற அந்தப் பெரிய சாவி நான்கு தடவை விழுந்த சத்தம் கேட்டது. என் காகிதத்தில் வரி மூன்று. காது கணக்கு வைத்துக்கொண்டது, புத்திதான் கேட்கவில்லை. பெற்ற பிள்ளை பொய் சொல்வான் என்று புத்திக்கு எப்படித் தோன்றும்? முழுப் பூசணிக்காயை என் கையாலேயே சோற்றில் மறைக்க வைத்துவிட்டாய். தவறு விழுந்ததாம். தானாக விழுந்ததா மகனே? நீ தள்ளிவிட்டாய். நீ செய்தது துரோகம், வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அதுவரைக்கும் உன் மேல் கோபம் மட்டும்தான் இருந்தது, ஐந்தாம் பக்கத்தை அடிக்கும்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. கிளப்பிவிடுகிற ஷெல்லுக்கு பேரன்ட் என்றும், கிளம்பிப் போவதற்கு சைல்டு என்றும் அதில் எழுதியிருந்தாய். தகப்பன் எக்ஸ்போர்ட் செய்ததெல்லாம் பிள்ளைக்கு வந்துசேரும் என்று இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு அன்று தெரிந்தது. 'ஸ்பேஸ் வுட்டுட்டாரு' என்ற வார்த்தையை நீ எங்கே எடுத்தாய் என்று நினைவு வந்தது.

சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருவாளே மல்லிகா, உனக்கு ஒரு வயசு மூத்தவள். நீ பள்ளிக்கூடம் முடித்து லோயர் பரீட்சைக்கு உட்கார்ந்த வருஷம் அவளும் உட்கார்ந்தாள். உன்னைவிட நல்ல கை. அவளுக்குப் பரீட்சைக்கு ஒதுக்கியது ஏழாம் நம்பர் மெஷின். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் சில நேரம் இரண்டு இடம் தாவும். முதல் நாளே எனக்குத் தெரியும். மாற்று மெஷின் இல்லை, பாகம் வரவில்லை, அப்படியே வேனில் ஏற்றிவிட்டேன். அவள் தேறவில்லை. அவளுடைய நைனா மல்லாக்கொட்டை மூட்டையை இறக்கிவிட்டு நேராக வந்தார். "இன்னா சார், மெஷின் தாவுதுன்றா எம்பொண்ணு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மெஷின்லாம் நல்லாத்தான் இருக்குது. கை ஓடல, ஸ்பேஸ் வுட்டுடுது" என்றேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். நீ மூன்றாம் நம்பர் மெஷினில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாய், "நைனா, அது மெஷின் தப்புதான?" என்று. "நம்ம பேரு இன்னாவறது? வாய மூடிக்கினு அடி" என்றேன். நீ அடித்தாய். சுரை விதைத்துவிட்டு அவரை முளைக்கவில்லையே என்று இப்போது கேட்கிறேன்.

உன் மேல் இருந்த கோபத்தோடேயே மறுநாள் சிங்கவரத்துக்கு சைக்கிளை மிதித்தேன். வாசலில் உட்கார்ந்து மல்லாக்கொட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள். "வாங்க சார்" என்றாளே தவிர கை நிற்கவில்லை, அப்படி ஒரு வேகம். அதைத்தான் ஓடாத கை என்று சொன்னேன். நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கு மெஷின்தாம்மா தப்பு. உன் கை தப்பு இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அத்த என்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? என் கை எனக்குத் தெரியாதா? நான் ஒரு நாளும் நீங்க சொன்னத நம்பல. நம்புனது எங்க நைனாதான். படிப்பும் வரல, கையும் ஓடலன்னு அந்த வருசமே கட்டிக் குடுத்துட்டாரு. அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது. சாவற வரிக்கும், வாத்தியாரே சொல்ட்டாருன்னுவாரு." அப்புறம் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வருகிற வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர முடிந்தது.

அதனால் இப்போது உனக்கு நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான். இனிமேல் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்காதே. என் கை எனக்குத் தெரிந்துவிட்டது. நேற்று ஹயர் பிள்ளைகளுக்கு நானே உட்கார்ந்து அடித்துக் காட்டினேன், ஒரு தப்பு இல்லை. உன் பொய்யை நம்பிக்கொண்டிருக்கிற மனுஷர் ஒருத்தர் இருக்கிறார், நன்றாக உயிரோடு இருக்கிறார், அவருடைய பெண்ணைத்தான் நீ கட்டப் போகிறாய். சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஐந்தாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய், பிள்ளை தன் பிரதியை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் தகப்பனிடம் இருப்பது மாறாது என்று. என்னிடம் இருப்பதை இனி மாற்ற முடியாது. மல்லிகாவின் நைனா நம்பியபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். உன்னிடம் இருப்பது உன் பிரதி. அதையாவது மாற்றிக்கொள்.

நான்காம் பக்கத்தை நான் திருத்தவில்லை. 'ஒரு ஆபரேட்டர்' என்று நீ எழுதியிருந்தாய், அப்படியே அடித்திருக்கிறேன். கொடுத்ததை மாற்றி அடிப்பது என் தொழிலில் கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் இந்த வகுப்பு என்றும், அவரும் வந்து உட்காருவார் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பக்கம் வரும்போது ஆபரேட்டர் யார், காகிதத்தில் வரியை விட்டவன் யார் என்று நீயே வாயால் சொல்லலாம். சொல்லாமல் அடுத்த பக்கத்துக்கும் போகலாம். நான் அங்கே இருக்கப் போவதில்லை.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. புடவைக்குக் கரை சரியில்லை என்று இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறாள், அவள் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன். நாங்கள் முதல் நாளே பஸ் ஏறிவிடுவோம். நான் வராமல் இருந்துவிடுவேனோ என்று பயப்படாதே, வருவேன், தாலி கட்டும்போது அட்சதையும் போடுவேன். ஆனால் பந்தியில் சம்பந்தி மறுபடியும் அந்த ஸ்பேஸ் கதையை எடுத்தால், நான் அவரைப் பார்க்க மாட்டேன். நீ சிரிக்கிறாயா என்றுதான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நைனா